தேக்கா சந்தை ஆட்டுக்கறிக் கடைகள்: எந்தத் தசை, எந்தச் சட்டிக்கு

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தை ஒட்டி, பஃபலோ ரோட்டில் இருக்கிறது தேக்கா சென்டர். அதன் கீழ்த்தளத்து ஈரச்சந்தையில் ஆட்டுக்கறிக் கடைகள் பல உண்டு. அங்கே போய் வாங்குவதற்கு நாங்கள் சொல்லும் முதல் காரணம் விலையும் அல்ல, ‘ஃப்ரெஷ்’ என்ற பெயரும் அல்ல. கத்தி பிடிப்பவரிடம் நின்று பேசி, வேண்டிய தசையை வேண்டிய வாக்கில் வெட்டி வாங்க முடிகிறது. ஆட்டுக்கறி மெத்தென்று வேகுமா, ரப்பராக நிற்குமா என்பதில் பாதி அந்த இடத்திலேயே முடிவாகிவிடும்.

குளிர்பெட்டியில் ‘கறித்துண்டு’ என்று ஒட்டி வைத்திருக்கும் தட்டில் எந்தத் தசை என்ற விவரம் இருக்காது. தொடைத் துண்டு நாலு, சப்பைத் (தோள்) துண்டு மூன்று, முழங்காலுக்குக் கீழே உள்ள துண்டு இரண்டு என்று கலந்து கிடக்கும். குக்கரில் 20 நிமிடம் வைத்தால் தொடைத் துண்டு வறண்டு நார்நாராகப் பிரியும், கால் துண்டோ இன்னும் பல்லில் இழுக்கும். மசாலாவையும் சமைத்தவரையும் குறை சொல்லிப் பயனில்லை. வேறு வேறு வேலை செய்து வளர்ந்த தசைகள் ஒரே சூட்டுக்கு ஒரே மாதிரி மசியாது.

கறியின் கடினம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று தசைநார், மற்றொன்று அதைச் சுற்றியிருக்கும் ஜவ்வு. ஈர்க்குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுகளையெல்லாம் சேர்த்து இன்னொரு முறை கட்டினால் எப்படியோ அப்படித்தான் தசையின் அமைப்பு. ஒவ்வொரு நாரையும், ஒவ்வொரு கட்டையும், முழுத் தசையையும் சுற்றி ஜவ்வுறை இருக்கிறது. உறையின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். நாரின் உள்ளே மையோசின், ஆக்டின் என்ற இரு புரதங்கள். சூடு ஏறும்போது நாரும் ஜவ்வும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. மையோசின் 40 டிகிரியைத் தாண்டியதுமே உருக்குலையத் தொடங்கும். ஆக்டின் 70 டிகிரிக்கு மேல் இறுகி, கறியிலிருந்து தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். கொலாஜன் 60 முதல் 70 டிகிரிக்குள் சுருங்கும். அதன்பின் மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆகும். 80 டிகிரிக்கு மேல் இது வேகம் பிடிக்கும். அதாவது நாரைக் காப்பாற்ற வேண்டுமானால் சீக்கிரம் இறக்க வேண்டும், ஜவ்வைக் கரைக்க வேண்டுமானால் நீண்ட நேரம் வைக்க வேண்டும். ஜவ்வு குறைந்த தசைக்கு ஒரு சமையல், ஜவ்வு மிகுந்த தசைக்கு வேறு சமையல். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கிறதா என்பதை ஒரு கேள்வியில் கண்டுபிடிக்கலாம். கத்தியை எடுக்கும் முன் ‘என்ன சமைக்கப் போறீங்க அக்கா?’ என்று கேட்பவர் நல்ல கடைக்காரர். அந்தக் கேள்வி வராவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முதலில் ‘இன்னைக்கு வெட்டினது’ பற்றி. ஊரில் ஆட்டை விடிகாலை அறுத்து மதியம் குழம்பு வைத்துப் பழகியவர்களுக்குச் சிங்கப்பூர்க் கறி மேல் ஒரு சந்தேகம் உண்டு. இங்கே கடைக்கு வரும் ஆட்டுக்கறி இறக்குமதிதான். குளிரூட்டிய கறியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியச் செம்மறி. அறுத்துச் சில நாள் ஆன பிறகே நம் கைக்கு வரும். தசையின் கணக்கில் அது குறையே அல்ல. உயிர் போனபின் நாரின் சக்தி இருப்பு தீர்ந்ததும் மையோசினும் ஆக்டினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். அதுதான் விறைப்பு. விறைப்பு உச்சத்தில் இருக்கும் கறியை அடுப்பேற்றினால் எவ்வளவு நல்ல ஆடானாலும் கடிக்கக் கடினம். அதன்பின் குளிரில் வைத்திருக்கும் நாள்களில், தசையிலேயே இருக்கும் கால்பெயின் என்ற நொதி நாரின் குறுக்குத் தட்டிகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் புரதங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. 0 முதல் 2 டிகிரியில் ஒரு வாரம் போன ஆட்டுக்கறி, முதல் நாள் கறியைவிட நன்றாக மெத்தென்று இருக்கும். ஜவ்வில் மட்டும் இதனால் பெரிய மாற்றம் வராது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விறைப்பு வருவதற்குள் கறியை அதிகம் குளிரவைத்தால் நார் சுருண்டு, அந்தச் சுருக்கத்திலேயே பூட்டிக்கொள்ளும். நியூசிலாந்திலிருந்து போன உறைகறி கடினமாக இருக்கிறதென்ற புகாரை ஆராயும்போது லாக்கர், ஹக்யார்ட் என்ற இருவர் 1963-இல் இதை விளக்கினார்கள். 1966-இல் மார்ஷும் லீட்டும் அளந்து காட்டியது இன்னும் துல்லியமானது: நீளத்தில் 20 சதவீதம் வரை சுருங்கினால் பெரிய பாதிப்பில்லை, 40 சதவீதம் நெருங்கும்போது கடினம் உச்சத்துக்குப் போகிறது. தசைக்குள் அமிலத்தன்மை எண் (pH) 6-க்குக் கீழே இறங்குவதற்கு முன் சூடு 10 டிகிரிக்குக் கீழே போய்விடக் கூடாது என்பது இதிலிருந்து வந்த விதி. அறுத்தவுடன் உடலில் மின்சாரம் செலுத்தி விறைப்பைச் சீக்கிரம் கொண்டுவரும் முறையும் இதற்காகத்தான் வந்தது. வாங்குபவர் இதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் எந்தச் சமையலுக்கும் மசியாத தொடைக்கறி வந்தால் காரணம் உங்கள் அடுப்பாக இல்லாமல், அறுத்த இடத்துக் குளிர்சாதனமாக இருக்கலாம். அடுத்த முறை வேறு கடையில் வாங்குங்கள்.

கண்ணால் பார்க்கக்கூடியவை வேறு. நல்ல குளிர்கறி வெட்டிய சற்று நேரத்தில் காற்றுப் பட்டுச் செக்கச்செவேலென்று ஆகும். விரலால் அழுத்தினால் பள்ளம் மேலெழும். கருஞ்சிவப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும் கறி, அறுக்கும் முன் ஆடு களைத்தோ மிரண்டோ போனதன் அடையாளம். அதன் அமில எண் 5.6-க்கு இறங்காமல் 6 பக்கமே நின்றிருக்கும். சாறு நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கெடும். அன்றே சமைப்பதானால் மட்டும் வாங்கலாம். தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கி, கறி தொளதொளவென்று கிடந்தால் அது உறையவைத்து இளக்கியதாக இருக்கலாம். மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் நாரைக் கிழித்துவிடும்; இளகும்போது சாறு வெளியேறும். குழம்புக்கு அது போதும், வறுவலுக்கு வறண்டுவிடும். ‘பாய், இது சில்டா, ஃப்ரோசனா?’ என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆட்டின் வயதையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 2019-க்குப் பிறகு, 12 மாதத்துக்கு உட்பட்டது அல்லது நிரந்தர வெட்டுப்பல் முழுதாக எழாதது ‘லேம்’. அதற்கு மேல் மூத்தது மட்டன். வயது ஏற ஏற ஜவ்வின் அளவைவிட அதன் குறுக்குப் பிணைப்புகள்தான் மாறுகின்றன. இளசில் சூட்டில் அவிழும் பிணைப்பு, மூத்ததில் சூடு தாங்கும் பிணைப்பாக முற்றிவிடும். மூத்த ஆட்டின் ஜவ்வு கரைவதற்கு முன் பலமாகச் சுருங்கி, உள்ளே இருக்கும் நாரையும் சேர்த்துப் பிழியும். லேம் சப்பை 20 நிமிடத்தில் வெந்தால் மட்டன் சப்பைக்கு 30 நிமிடம் வரை ஆகலாம். இரண்டையும் கலந்து போடும் கடையில் வாங்குவதை நாங்கள் தவிர்க்கச் சொல்வோம்.

இனி ஒவ்வொரு துண்டாக.

பிரியாணிக்குக் கால்கறி, அதாவது பின்னங்காலின் கீழ்ப்பகுதி. இங்கே முழு ஷாங்க் வைத்த பிரியாணி பலருக்குப் பிடித்தது. அது நல்ல தேர்வும்கூட. ஆடு நிற்கவும் நடக்கவும் ஓயாமல் வேலை செய்யும் தசைகள் இவை. சின்னச் சின்னத் தசைகள் பல ஒன்றாகக் கூடி, ஒவ்வொன்றும் தன் உறையோடு, கீழே கெட்டியான நரம்பில் போய் முடியும். பச்சையாக வெட்டிப் பார்த்தால் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். அந்த வெள்ளை முழுவதும் ஜெலட்டினாக மாற வேண்டும். குக்கரில் முழு அழுத்தம் வந்தபின் 40 முதல் 45 நிமிடம். தம் போடுவதானால் மூடிய சட்டியில் 90 டிகிரி பக்கத்தில் இரண்டரை மணி நேரம். அரிசியோடு பச்சை ஷாங்கைப் போட்டு ஒரே தம்மில் எடுக்க முயன்றால் அரிசி குழையும், கறி வேகாது; கறியைத் தனியாக முக்கால் பதம் வேகவைத்தே அடுக்க வேண்டும். எலும்பைக் கத்தியால் கொத்த விடாதீர்கள். சில்லுகள் கறிக்குள் ஏறி, சாப்பிடும்போது பல்லைப் பதம் பார்க்கும். எலும்பறுக்கும் இயந்திரம் இருக்கும் கடையில் அறுக்கச் சொல்லி, அறுத்த முகத்தில் படிந்த எலும்புத்தூளை ஈரத்துணியால் துடையுங்கள்.

பெரட்டலுக்கும் மட்டன் மைசூருக்கும் சப்பை. கொழுப்பும் ஜவ்வும் சரிபாதியாகக் கலந்த பகுதி. கெட்டியான மசாலாவில் ஜெலட்டின் இறங்கி மினுமினுப்பு வரும். 3 சென்டிமீட்டர் துண்டு, எலும்போடு, குக்கரில் 20 முதல் 25 நிமிடம். அதன்பின் மூடியைத் திறந்து வற்றவிடுங்கள். சப்பை எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் தட்டையான ஜவ்வை உரித்துவிட்டுத் தரச் சொன்னால் போதும். வேறு கவனம் தேவைப்படாத, தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் பகுதி இது. புதிதாகச் சமைப்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

தொடைக்கறிதான் அதிகம் கேட்டு வாங்கப்படுவது, அதிகம் பாழாவதும் அதுவே. எலும்பில்லாமல் பார்க்க அழகாக இருக்கும். ஜவ்வு குறைவு, நார் நீளம். நீண்ட நேரம் வேகவைத்தால் கரைய ஒன்றும் இல்லாமல் நார் மட்டும் வறண்டு நிற்கும். இதில் வெட்டும் வாக்குதான் முக்கியம். வெந்த கறியை நார் ஓடும் திசையிலேயே இழுத்து அறுக்கப் பெரிய பலம் வேண்டும். நாருக்கும் நாருக்கும் இடையே பிரிக்கக் கொஞ்சம் போதும். நாருக்குக் குறுக்காக வெட்டிய துண்டில் ஒவ்வொரு நாரும் துண்டின் கனத்தளவே நீளம் கொண்டது. பல் அதை அறுக்க வேண்டியதில்லை, பிரித்தாலே போதும். ஆய்வகங்களில் வார்னர்-பிராட்ஸ்லர் கருவியால் கறியை வெட்ட எவ்வளவு விசை ஆகிறதென்று அளக்கும்போது, நாருக்குக் குறுக்காகவே கத்தியை இறக்குவார்கள். பல் சந்திக்கும் மோசமான திசை அது. ஆட்டுக்கறிக்கான ஆஸ்திரேலிய ஆய்வுகளில் 49 நியூட்டனைத் தாண்டினால் கடினம் என்று கணக்கு வைத்திருந்தார்கள்.

தொடை ஒரே தசை இல்லை என்பதால் கடைக்காரர் ஒரே வாக்கில் சரசரவென்று கட்டம் கட்டி வெட்டினால் பாதித் துண்டுகள் குறுக்காகவும் பாதி நீளவாக்கிலும் வந்துவிடும். தொடையை முதலில் தசை தசையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இடையில் வெள்ளைக் கோடு தெரியும் இடத்தில் விரலை விட்டாலே பிரியும். நாலைந்து பெரிய தசைகள் தனித்தனியாக வரும். ஒவ்வொன்றின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்து, அதற்குக் குறுக்காக ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வார நாளில் காலையிலேயே போனால் பொறுமையாகச் செய்து தருபவர்கள் உண்டு. இல்லாவிட்டால் எலும்பு நீக்கிய தொடையை முழுசாக வாங்கி வீட்டில் பிரிக்கலாம். 1 கிலோ சுத்தக் கறி வேண்டுமானால் எலும்போடு ஏறக்குறைய 1.4 கிலோ நிறுக்கச் சொல்லுங்கள்.

சாத்தேக்கும் சுக்காவுக்கும் முதுகுக்கண்டம். முதுகெலும்பின் இரு பக்கமும் நீளமாக ஓடும் தசை. நடக்கும்போது உடலைத் தாங்குவதுதான் இதன் வேலை, அதனால் ஜவ்வு குறைவு. அதற்கு உள்பக்கம், இடுப்புக்கு அடியில் இருக்கும் சிறு தசை இன்னும் மெத்து. பின்னங்கால் நரம்பில் மாட்டித் தொங்கவிடும்போது அந்தத் தசை இழுபட்ட நிலையிலேயே விறைப்பேறுவதும் அதற்கு ஒரு காரணம். இடுப்பெலும்பில் மாட்டித் தொங்கவிட்டால் தொடையும் முதுகுக்கண்டமும் இழுபட்டு மெத்தாகும், இந்தச் சிறு தசைக்கு அந்த அனுகூலம் போய்விடும். முதுகுக்கண்டத்தை 60 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதும் இறக்கிவிட வேண்டும். நம் வீடுகளில் சிவப்புத் தெரியாமல் வேகவேண்டும் என்பார்கள். அப்படியானால் அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, நல்ல சூட்டில் மூன்று நான்கு நிமிடத்தில் முடியுங்கள். இதைக் குக்கரில் போடுவது காசுக்குக் கேடு.

சூப் கம்பிங்குக்கு, அதாவது மலாய் ஆட்டுக்கறி சூப்புக்கு, கழுத்து. இதில் ஒரு பொருளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கழுத்தெலும்பின் மேல்பக்கமாக, சுண்டுவிரல் கனத்தில் மஞ்சளாக ஒரு நார்க்கயிறு ஓடும். தலையைத் தூக்கிப் பிடிக்க ஆட்டுக்கு இயற்கை கொடுத்த ரப்பர் அது. கையில் பிடித்து இழுத்தால் நீண்டு, விட்டவுடன் திரும்பிச் சுருங்கும். அது கொலாஜன் அல்ல, எலாஸ்டின். குக்கரில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தாலும் கரையாது, மெத்தாகாது. ‘மூணு மணி நேரம் கொதிச்சும் ஒரு துண்டு மட்டும் வேகலை’ என்று சொல்லப்படும் துண்டு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கழுத்தை வில்லைகளாக அறுப்பதற்கு முன்பே மேலிருந்து ஒரு கீறல் போட்டு உருவினால் முழுசாக வந்துவிடும். அறுத்தபின் ஒவ்வொரு வில்லையிலிருந்தும் நோண்ட வேண்டியிருக்கும். கேட்காமலே இதை உருவிப் போடும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்; வேலை தெரிந்தவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நெஞ்செலும்பு தால்ச்சாவுக்கு. கொழுப்பு அதிகம், முதல் நாளே வேகவைத்துக் குளிரவைத்தால் மேலே உறைந்து நிற்பதை எடுத்துவிடலாம். கொத்துக்கறிக்குச் சப்பையோ கழுத்தோ கொடுங்கள், தொடையை வீணாக்க வேண்டாம். நாரையும் ஜவ்வையும் இயந்திரமே அறுத்துவிடுகிறதே. கறி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது அரைக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தாலோ கத்தி மழுங்கியிருந்தாலோ கொழுப்பு இழுபட்டுக் கறி களியாக வரும்.

வீட்டுக்கு வந்தபின் செய்பவற்றில் பயன் உள்ளது உப்புதான். கிலோவுக்கு 12 கிராம் உப்பைத் தடவி ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்தால் நார் உப்பி, சாற்றைப் பிடித்துக்கொள்ளும். தயிரும் எலுமிச்சையும் சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. ருசிக்குப் போடுங்கள், மெத்துக்காக நம்ப வேண்டாம். பப்பாளிக்காய் உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் முரட்டு வேலை. அதிலுள்ள பப்பெயின் 60, 70 டிகிரியில்தான் முழு வேகம் எடுக்கும். கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுது, அரை மணி நேரம், மெல்லிய துண்டுகளுக்கு மட்டும். இரவு முழுக்க ஊறினால் மேல்புறம் மாவாகி, நடுப்பகுதி அப்படியே நிற்கும். ஷாங்குக்கும் சப்பைக்கும் பப்பாளி தேவையே இல்லை.

குக்கரில் விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். அடுப்பின் தீயைப் பொறுத்து விசில் மாறும், ஜவ்வு கரைவது சூட்டையும் நேரத்தையும் பொறுத்தது. முடிந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றாமல் 15 நிமிடம் தானாக அடங்கவிடுங்கள். சட்டென்று திறந்தால் அழுத்தம் விழுந்து கறிக்குள்ளேயே தண்ணீர் கொதித்து வெளியேறும்.

வேகவில்லை என்று தோன்றினால் முள்கரண்டியைக் குத்தித் திருகிப் பாருங்கள். துண்டு முழுசாக எதிர்த்து, கரண்டியைத் திருப்பித் தள்ளினால் ஜவ்வு இன்னும் கரையவில்லை. 10 நிமிடம் கூட வையுங்கள். நார் நாராகச் சுலபமாகப் பிரிந்து, ஆனால் ஒவ்வொரு நாரும் வாயில் வறண்டு கடினமாக இருந்தால் ஜவ்வு போய்விட்டது, நார்தான் இறுகியிருக்கிறது. இனி எவ்வளவு நேரம் வைத்தாலும் சரியாகாது. அந்தக் கறியை நாருக்குக் குறுக்காகப் பொடியாக அரிந்து, குழம்பின் கொழுப்போடு பிரட்டி முர்த்தபாவுக்கோ கட்லெட்டுக்கோ பயன்படுத்திக்கொள்ளலாம்.

தேக்காவில் குறை என்று சொன்னால், எந்த நாளில் அறுத்தது, எந்த வயது என்று எழுதிய அட்டையைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது, எல்லாம் வாய்க்கேள்விதான். பண்டிகை வாரங்களில் நின்று பேச இடம் இருக்காது. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் வாங்குபவர்கள் நாலைந்து நாள் முன்பே சொல்லிவைத்து வாங்கி, பொட்டலத்தைத் திறக்காமல் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைப்பது நல்லது. கறியும் அதற்குள் இன்னும் கொஞ்சம் கனியும். சந்தையிலிருந்து வீடு போக அரை மணிக்கு மேல் ஆகுமானால் குளிர்பையும் பனிக்கட்டியும் எடுத்துச் செல்லுங்கள். மிச்சத்தை உறைய வைப்பதானால் அரை கிலோ அரை கிலோவாக, 3 சென்டிமீட்டருக்கு மேல் கனம் இல்லாமல் பையில் தட்டையாகப் பரப்பி வையுங்கள். சீக்கிரம் உறைந்தால் படிகம் சிறிதாகும், இளகும்போது சாறு அவ்வளவாக வடியாது.